அண்ணன் தங்கைக்கு ஒரே வெட்டு: பழைய கண்டாங்கியா, புதுப் பாப்ளினா?

காரைக்குடி வெயிலுக்குக் கையில்லாத, மேலே ஒடுங்கி அடியில் விரியும் ஏ-லைன் வெட்டே போதும். அளவை மட்டும் மாற்றி, முழங்கால் வரை நீட்டினால் தங்கைக்குக் கவுன். இடுப்போடு நிறுத்தி முன்பக்கம் பொத்தான் வைத்தால் அண்ணனுக்குச் சட்டை. துணியில்தான் கேள்வி.

நெருக்கமாக நெய்த பருத்தித் துணியான பாப்ளின் வெட்டவும் தைக்கவும் சுலபம். எந்த நிறமும் கிடைக்கும். வெட்டுமுன் நனைத்து உலர்த்திவிடுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். தையல் பழகுகிறவர்களுக்கு இதுவே சரி.

என் மனம் கண்டாங்கிப் பக்கம்தான். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற, கட்டம் போட்ட இந்தக் காரைக்குடிப் பருத்திச் சேலை புதிதில் கனமாக இருக்கும். ஆனால் ஆச்சி பல ஆண்டுகள் கட்டித் துவைத்தது குழந்தையின் உடம்பை உறுத்தாது. நைந்த இடங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒதுக்குங்கள். சிக்கல் கரையில் வரும். ஏ-லைனின் அடி ஓரம் வளைவு. நேரான கரை அதில் படியாது. எனவே கவுனை நெஞ்சுக்குக் கீழே பிரித்து, கீழ்ப்பகுதியை நேர்த்துண்டாக எடுத்துச் சுருக்கு வையுங்கள். கரையே அடி ஓரமாகிவிடும், மடித்துத் தைக்கவும் வேண்டாம். எத்தனை அழகு! அண்ணன் சட்டைக்கு அதே கரையில் ஒரு பை, ஒரு பொத்தான் பட்டி, ஜோடி சேர்ந்துவிடும்.

கட்டங்கள் பக்கத் தையலில் நேராகச் சேர வேண்டும். துணியை இரண்டாக மடித்து வெட்டாமல், ஒவ்வொரு துண்டாக வெட்டுங்கள். அரக்கு நிறம் சாயம் விடுகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்த பிறகே கத்தரியை எடுங்கள்.