புகைப்படத்தைப் பார்த்தே ‘வெள்ளைப்புள்ளி’ என்று சொல்லிக் குப்பி விற்பவரிடம் கடல் மீனைக் காட்டாதீர்கள்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையாக இதை எழுதுகிறேன். மீனுக்கு உடல்நிலை சரியில்லை என்று சொன்னதும் ஒரு புகைப்படத்தைக் கேட்டு வாங்கி, பார்த்த மாத்திரத்தில் நோயின் பெயரைச் சொல்லி, அதற்கான மருந்தையும் தானே விற்கும் தொட்டிப் பராமரிப்பாளர் ஒருவரால் என் தொட்டியில் இருந்த மீன்களில் பெரும்பாலானவை செத்துப்போயின. நோய்க்குத் தொடர்பே இல்லாத இறால்களும் நத்தைகளும் கூடவே போயின. அவர் பெயரை எழுதப் போவதில்லை. இதே முறையில் தொழில் செய்பவர்கள் பலர் இருப்பதால், ஆளைக் காட்டுவதைவிட அந்த முறை எப்படி நடக்கிறது என்பதைக் காட்டுவதுதான் பிறருக்கு உதவும்.

அவரிடமே வாங்கிய மஞ்சள் டேங் (yellow tang) மீனில்தான் தொல்லை தொடங்கியது. நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தனிமைத் தொட்டியில் வைத்துக் கவனித்த மீன் என்று உறுதி சொல்லித்தான் அதை விற்றிருந்தார். வந்த சில நாட்களிலேயே அது இரை எடுப்பதைக் குறைத்துக்கொண்டது. விளக்கு எரிந்தால் பாறை இடுக்குக்குள் ஒதுங்கியது. பிறகு பவர்ஹெட் என்ற நீரோட்டப் பம்பு தள்ளும் நீரோட்டத்துக்கு நேரெதிரே முகத்தை வைத்து நின்றுகொண்டு, செவுள் மூடிகள் ஓயாமல் அடித்துக்கொள்ள மூச்சு வாங்கத் தொடங்கியது. அம்மோனியா சோதனையில் எதுவும் காட்டவில்லை, மற்ற மீன்கள் அப்போது இயல்பாகவே இருந்தன. ஆகவே தண்ணீரில் கோளாறு என்றோ ஆக்சிஜன் குறைவு என்றோ சொல்ல இடமில்லை, ஏனென்றால் அவ்வாறானால் தொட்டியில் உள்ள எல்லா மீன்களும் ஒருசேர மூச்சுக்குத் திணறும். இவை அத்தனையையும் செய்தியாக எழுதி அனுப்பினேன். அவர் இவற்றில் ஒன்றைப் பற்றியும் கேட்கவில்லை. “படம் அனுப்புங்கள்” என்றார். நீல விளக்கு எரியும்போது எடுத்த படம்தான் கையில் இருந்தது. நீல ஒளியில் தோலின் மேல் உள்ள எதுவும் சரியாகத் தெரியாது என்பதால், தொழில் தெரிந்தவர் எவரும் வெள்ளை ஒளியில் வேறு படம் கேட்டிருப்பார். இவரோ உடனே, “பயப்படவே வேண்டாம், இது வெறும் வெள்ளைப்புள்ளி” என்று பதில் அனுப்பிவிட்டார்.

மருந்து என்று அவர் தந்தது ‘மூலிகைச் சாறு’ என்று ஒட்டப்பட்ட ஒரு குப்பி. பவளம், இறால், நத்தை எதையும் பாதிக்காது, மீன்களைப் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றும் சிரமமும் வேண்டாம், ஒரு வாரத்தில் புள்ளிகள் உதிர்ந்துவிடும் என்பது அவர் தந்த வாக்கு. இந்த வாக்கு ஏன் அவ்வளவு எளிதாகச் செல்லுபடியாகிறது என்பதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

வெள்ளைப்புள்ளி நோயை உண்டாக்குவது கிரிப்டோகாரியான் இர்ரிட்டன்ஸ் என்ற ஓர் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. அது மீனின் தோலுக்கடியிலும் செவுளிலும் 3 முதல் 7 நாட்கள் தங்கி உணவெடுக்கும். உப்புக்கல் அளவில் நாம் காணும் புள்ளி அந்தப் பருவம்தான். வயிறு நிறைந்ததும் அது தானாகவே மீனை விட்டு விழுந்து, மணலிலோ பாறையிலோ கூடு கட்டிக்கொண்டு, உள்ளுக்குள் பிரிந்து பெருகும். பின்னர் கூட்டை உடைத்துக்கொண்டு வெளிவரும் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் அடுத்த மீனைத் தேடி நீந்தும். கூடு பெரும்பாலும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ உடையும் என்றாலும், 72 நாட்கள் வரை உடையாமல் இருந்ததும் பதிவாகியிருக்கிறது. ஆக, எந்த மருந்தும் ஊற்றாவிட்டாலும் ஒரு வாரத்துக்குள் புள்ளிகள் மறையத்தான் செய்யும். பச்சைத் தண்ணீரை ஊற்றியிருந்தாலும் மறைந்திருக்கும். வாங்கியவர் மகிழ்ந்துபோய் நன்றி சொல்லி எழுதுவார், விற்றவர் அந்த நன்றியைப் படமாக எடுத்து அடுத்த ஆளிடம் காட்டுவார். புள்ளிகள் முன்பைவிடப் பல மடங்காகத் திரும்பி வரும்போது, “மீனின் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது” என்று சொல்லி இரண்டாவது குப்பியை விற்பார். ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியே அவருக்கு விளம்பரம் செய்துவிடுகிறது என்பதால், அந்தக் குப்பியை மெச்சி எழுதப்பட்ட நூறு நன்றிக் கடிதங்களைக் காட்டினாலும் நான் இனி ஒரு மதிப்பும் தரமாட்டேன்.

என் தொட்டியில் அந்த ஒரு வார இடைவெளிகூடக் கிடைக்கவில்லை, ஏனென்றால் வந்திருந்தது வெள்ளைப்புள்ளியே அல்ல. வெல்வெட் என்று மீன் வளர்ப்பவர்கள் சொல்லும் நோய் அது; அமைலூடினியம் ஒசெல்லேட்டம் என்பது அதன் ஒட்டுண்ணி. இது முதலில் செவுளைத்தான் பிடிக்கும். தோலில் எதுவும் தெரிவதற்கு முன்பே மூச்சு வாங்கலும், வெளிச்சத்துக்கு ஒதுங்குவதும், நீரோட்டத்துக்குள் முகத்தை நீட்டி நிற்பதும் தொடங்கிவிடும், இரையை மறுக்கும். தோலுக்கு வரும்போதும் எண்ணிப் பார்க்கத்தக்க புள்ளிகளாக அல்லாமல், மிக நுண்ணிய பொடியாகப் படரும். அறை விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கை மீனின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், நேராகப் பார்க்கையில் தெரியாத அந்தப் பொடி மங்கலான பொன்னிறத்தில் மின்னும். என் மீனில் அதைக் கண்ணால் பார்த்தேன், பார்த்ததை அவரிடம் சொன்னேன். வெளிச்சத்தில் செதில் அப்படித்தான் மின்னும் என்று தள்ளிவிட்டார். வெள்ளைப்புள்ளி வந்த மீன் பல நாட்கள், சில நேரம் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வெல்வெட் அப்படி விட்டுவைப்பதில்லை. ஒரு கூட்டிலிருந்து 256 குஞ்சுகள் வரை வெளிவரும், சுற்று முழுவதும் ஒரு வார அளவில் முடிந்துவிடும், செவுள் அழிந்துபோன மீன் சில நாட்களில் மூச்சு முட்டிச் சாகும்.

தவறான பெயரால் நேர்ந்த கேடு குப்பியோடு நிற்கவில்லை. தண்ணீரின் உப்பைக் குறைத்தால் ஒட்டுண்ணி வெடித்துவிடும் என்று அவர் கூடுதலாக ஒரு யோசனையும் சொன்னார். அடர்த்தி எண் 1.009 வரை இறக்கி, உப்பின் அளவைச் சரியாகக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியோடு பல வாரங்கள் காத்திருந்தால் வெள்ளைப்புள்ளிக்கு அது பலன் தரும் என்பது உண்மைதான். ஆனால் வெல்வெட் ஒட்டுண்ணி குறைந்த உப்பிலும் தாராளமாக வாழக்கூடியது. மேலும் அந்த அளவுக்கு உப்பைக் குறைத்தால் பவளமும் இறாலும் பிழைக்காது என்பதையும் அவர் சொல்லவில்லை. இரண்டு நோய்களும் ஒட்டுண்ணிதானே, பெயர் எதுவானால் என்ன என்று அவர் பின்னர் கேட்டதற்கு விடை இதில்தான் இருக்கிறது.

டேங் மீன் செத்து, மற்ற மீன்களும் ஒவ்வொன்றாக மூச்சு வாங்கத் தொடங்கியபோது அவர் நேரில் வந்தார். இம்முறை கொண்டுவந்த குப்பியில் எந்தச் சீட்டும் இல்லை. “அதே மருந்துதான், கொஞ்சம் வலு கூடியது” என்று சொல்லி, தொட்டியின் கொள்ளளவைக்கூடக் கேட்காமல் தானே ஊற்றிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் சுத்தப்படுத்தும் இறால்கள் மணலில் ஒருக்களித்துக் கிடந்தன, கால்கள் மட்டும் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் பிடி விட்டுக் கீழே விழுந்திருந்தன. சந்தேகப்பட்டுத் தாமிரத்துக்கான சோதனைப் பெட்டியை வாங்கிச் சோதித்தேன். குழாயில் நிறம் ஏறியது. காப்பர் என்று கடைகளில் விற்கும் அந்த மருந்து வெல்வெட்டுக்கும் வெள்ளைப்புள்ளிக்கும் உண்மையிலேயே வேலை செய்யக்கூடியதுதான், ஆனால் பாறையும் மணலும் பவளமும் இல்லாத தனித் தொட்டியில் மட்டுமே. முதன்மைத் தொட்டியில் ஊற்றினால் முதுகெலும்பற்ற உயிர்கள் எல்லாம் சாகும். சுண்ணாம்புப் பாறையும் மணலும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்வதால் அளவு நிலைக்காமல் இறங்கிவிடும், ஒட்டுண்ணியும் சாகாது. வகை தெரியாமல் அளவு பார்ப்பதிலும் பயனில்லை. அயனி நிலையில் உள்ள தாமிரத்துக்கு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்பது மருந்தளவு; வேறொரு பொருளோடு பிணைத்து விற்கப்படும் கீலேட் வகைக்கு அது ஏறத்தாழ 2 மில்லிகிராம். ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டால் ஒன்று மீன் சாகும், அல்லது மருந்து இருந்தும் இல்லாததுபோல் ஆகும். சீட்டு இல்லாத குப்பியை வைத்துக்கொண்டு எவரால் எந்த அளவைக் கணக்கிட முடியும்?

நோய் இன்னதென்று உறுதியானது அவரால் அல்ல, மீன்களையும் பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவரால். அடுத்து செத்த மீனை உடனே எடுத்து, உறைய விடாமல் குளிரில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் கொண்டு சேர்த்தேன். உறைந்துபோனால் திசு சிதைந்துவிடும், தாமதித்தால் ஒட்டுண்ணிகள் செத்த உடலை விட்டு இறங்கிவிடும். மருத்துவர் செவுள் இழைகளின் நுனியில் ஒரு துணுக்கை வெட்டி, கடல்நீர்த் துளியில் வைத்து, நுண்ணோக்கியின் குறைந்த பெருக்கத்தில் காட்டினார். இழைகளுக்கு இடையே கரும்பழுப்பு நிறத்தில், உருண்டையும் பேரிக்காய் வடிவமுமாக, நெருக்கமாக ஒட்டிக்கிடந்தவை துளியும் அசையவில்லை. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணியாக இருந்தால் மேலெல்லாம் நுண்மயிர் துடிக்க மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும் என்றார் மருத்துவர். ஒரு துணுக்கும் சில நிமிடங்களும் போதுமாயிருந்த வேலை இது. பராமரிப்பாளரிடம் நுண்ணோக்கி இல்லை. இல்லாதது குற்றமல்ல, ஆனால் இல்லாமலே அந்த அளவு உறுதியோடு பேசியதும் அந்த உறுதிக்குக் காசு வாங்கியதும் குற்றம்தான்.

முடிவை எழுதி அனுப்பியபோது வந்த பதில்கள் ஒவ்வொன்றும் முந்தையதற்கு முரணாக இருந்தன. முதலில், தாமதமாகச் சொல்லிவிட்டீர்கள் என்றார். செய்திகளின் தேதியை எடுத்துக் காட்டியதும், இது கடலில் சயனைடு நஞ்சால் மயக்கிப் பிடித்த மீனாக இருக்கலாம், அதன் உறுப்புகள் முன்பே கெட்டிருக்கும் என்றார். அந்த மீனை விற்றவரே அவர்தான் என்பதை நினைவூட்டிய பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டார். பணம் திரும்பக் கேட்டதற்கு, மருந்து என்று எதையும் தான் விற்கவில்லை என்று ரசீதைச் சுட்டினார். உண்மைதான்: ரசீதில் ‘நீர்ப் பராமரிப்புப் பொருள்’ என்று மட்டுமே இருந்தது, இரண்டாவது குப்பிக்கு அந்த வரியும் இல்லை. ஆகவே மருந்து என்று சொல்லி எதை வாங்கினாலும் அதில் உள்ள வேதிப்பொருளின் பெயரையும் அளவையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்தக் குப்பி உங்கள் தொட்டிக்கு வேண்டாம்.

முறையாக நோய் பார்ப்பவர் முதலில் மீனைப் பற்றிக் கேட்பார்: மூச்சு எப்படி, இரை எடுக்கிறதா, பாறையில் உரசுகிறதா, எந்த மீனில் தொடங்கியது, கடைசியாகத் தொட்டிக்குள் வந்தது எது, எத்தனை நாளில் எப்படி மாறியது. பிறகு தண்ணீரைப் பற்றிக் கேட்பார். அதற்குப் பிறகும் ஒரு பெயரைச் சொல்லாமல் இரண்டு மூன்று வாய்ப்புகளைச் சொல்வார், ஏனென்றால் வெளித்தோற்றம் அவ்வளவு ஏமாற்றக்கூடியது. கோமாளி மீனின் உடலில் தடித்த சளி உரிந்து தொங்கினால் அது பெரும்பாலும் புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி. அதற்குத் தாமிரம் வேலை செய்யாது, ஃபார்மலின் வேண்டும். குரோமிஸ் போன்ற மீன்களின் பக்கவாட்டில் சிவந்த புண் தோன்றினால் யூரோனீமா என்ற வேறோர் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்கும் தாமிரம் பயன்படாது. துடுப்போரத்தில் பூக்கோசுபோல் வெள்ளையாகத் திரண்டிருப்பது லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ் கட்டி. அதற்கு மருந்தே இல்லை, பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும், ஆனால் இதைக் காட்டியும் ‘வெள்ளைப்புள்ளி’க் குப்பி விற்றிருக்கிறார்கள். தட்டைப்புழு என்ற சந்தேகம் இருந்தால், வெப்பமும் பிஎச் அளவும் ஒத்திருக்கும்படி ஆக்கிய நன்னீரில் மீனைச் சுமார் ஐந்து நிமிடம் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே வைத்தால், அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த புழுக்கள் வெளுத்துப்போய்ப் பாத்திரத்தின் அடியில் விழும். குப்பி விற்பவரின் சொல்லைவிட அந்தப் பாத்திரத்தின் அடி நம்பத்தக்கது.

‘தனிமைத் தொட்டியில் வைத்த மீன்’ என்ற விற்பனைச் சொல்லையும் அப்படியே ஏற்க வேண்டாம். பல தொட்டிகளுக்கு ஒரே நீர் சுற்றும் அமைப்பில் வைத்திருந்தால், அடுத்த தொட்டியில் வந்திறங்கும் மீனின் நோய் இந்த மீனுக்கும் வரும், அங்கே எத்தனை நாள் இருந்தாலும் அது தனிமையாகாது. குணப்படுத்தப் போதாத அளவில் தாமிரத்தை எப்போதும் நீரில் வைத்திருக்கும் கடைகளும் உண்டு. அங்கே அடங்கிக்கிடக்கும் நோய், தாமிரமில்லாத உங்கள் தொட்டிக்கு வந்த பிறகு எழும். எந்தத் தொட்டியில், எந்த மருந்தில், எந்த அளவில், எத்தனை நாள் என்று கேளுங்கள்.

இப்படிப்பட்ட குப்பியை ஏற்கெனவே ஊற்றிவிட்டவர்கள், மீன் வேகமாக மூச்சு வாங்குகிறது என்றால் ஒரு வாரம் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். எல்லா மீன்களையும் பாறை, மணல் இல்லாத தனித் தொட்டிக்கு மாற்றிக் காற்றோட்டத்தைக் கூட்டி, வகை தெரிந்த தாமிர மருந்தை அதற்குரிய சோதனைப் பெட்டியோடு பயன்படுத்துங்கள். அந்தத் தொட்டியில் அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் திரவங்களைத் தாமிரத்தோடு கலக்காதீர்கள், சில சேர்க்கைகள் தாமிரத்தின் நச்சை ஏற்றிவிடும். தண்ணீர் மாற்றித்தான் அம்மோனியாவைக் குறைக்க வேண்டும். முதன்மைத் தொட்டியில் என்ன ஊற்றப்பட்டது என்று தெரியாவிட்டால் தாமிரத்துக்குச் சோதித்துப் பாருங்கள். இருந்தால், செயலூட்டிய கரியும் தண்ணீர் மாற்றமும் அதைப் படிப்படியாக இறக்கும். பிறகு அந்தத் தொட்டியை மீன் ஒன்றுகூட இல்லாமல் விட்டுவைக்க வேண்டும்: வெல்வெட் என்று உறுதியானால் குறைந்தது ஆறு வாரம், வெள்ளைப்புள்ளி என்றால் மேலே சொன்ன 72 நாட்களையும் தாண்டி. மிஞ்சிய பவளங்கள் அதிலேயே இருக்கலாம், அவற்றுக்கு இந்த நோய்கள் தொற்றுவதில்லை.