சால்ட் வரம்பா, சைல்டு டாக்ஸ் கிரெடிட்டா? எங்க வீட்டுக் கணக்கு

அமெரிக்கால 2025 வரிக்கணக்குல முதல் தடவையா, ரசீது இல்லாமலே கிடைக்கற பொதுக் கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனை விட்டுட்டு ஐட்டமைஸ் பண்ணோம், அதாவது செலவுகளை ஒவ்வொண்ணா காட்டி வருமானத்துலேர்ந்து கழிச்சோம். ஸ்டேட் டாக்ஸும் ப்ராப்பர்டி டாக்ஸும் சேத்து 10,000 டாலருக்கு மேல கழிக்க முடியாதுன்னு 2017 சட்டம் போட்ட சால்ட் (SALT, ஸ்டேட் அண்ட் லோக்கல் டாக்ஸ்) வரம்பை தூக்கணும்னு நியூ ஜெர்சில வீடு வச்சிருக்கறவங்க எவ்ளோ நாளா கேட்டுட்டு இருந்தோம், 2025 ஜூலைல அது 40,000 ஆச்சு. 2030ல திரும்ப பழைய 10,000 தான்.

கையில வந்தது என்னன்னு பாருங்க. ப்ராப்பர்டி டாக்ஸ் 12,000, ஸ்டேட் டாக்ஸ் 9,000, வீட்டுக்கடன் வட்டி 14,000, மொத்தம் 35,000. ஒரு ரசீதும் காட்டாமலே கணவன் மனைவிக்கு 2025க்கு 31,500 கழிவு இருந்துச்சு. ஆக கூடுதல் 3,500 தான், எங்க 22% வரி பிராக்கெட்ல 770 டாலர் வரி மிச்சம். எங்களை மாதிரியே டாக்ஸ் கட்டி வீட்டுக்கடனை அடைச்சு முடிச்சவங்களுக்கு இது கூட கிடையாது, வாடகைக்கு இருக்கற பெரும்பாலானவங்களுக்கும் அப்படித்தான்.

அதனாலதான் நான், குழந்தை இருக்கற குடும்பத்துக்கு வரியிலேயே நேரா குறைக்கற சைல்டு டாக்ஸ் கிரெடிட் பக்கம். 2021ல ஒரு குழந்தைக்கு 3,000, ஆறு வயசுக்குள்ளன்னா 3,600 ஆக்கினாங்க, வரியே கட்டாத குடும்பத்துக்கும் முழுசா குடுத்தாங்க, அதுல பாதியை ஜூலைலேர்ந்து டிசம்பர் வரை மாசாமாசம் அக்கவுண்ட்லயே போட்டாங்க. அப்போ எங்களுக்கு ஒரே சம்பளம், வாடகை வீடு. சின்னவளுக்கு வந்த 300 டாலர் ப்ரீஸ்கூல் ஃபீஸ், கார் டயர்னு அந்தந்த மாசமே எங்க ஊர்லயே செலவாச்சு. நாட்டளவுல குழந்தைகள் வறுமை அந்த வருஷம் 5.2%க்கு இறங்குச்சு, அதை நிறுத்தின 2022ல 12.4%. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

பணம் குடுத்தா வேலைக்கு போறது குறையும்னு சொல்றாங்க. எங்க வீட்ல அப்படி நடக்கல, ஆனா ஆறே மாசம் வந்த காசை வச்சு அடிச்சு சொல்ல எனக்கு தைரியம் இல்ல. சால்ட் பக்கமும் நியாயம் இருக்கு, எங்க ஊர் ஸ்கூல் ஓடறதே ப்ராப்பர்டி டாக்ஸ்லதான்.

இப்போ கிரெடிட் ஒரு குழந்தைக்கு 2,200. ஆனா வரி கம்மியா கட்டறவங்களுக்கு கையில 1,700 வரைக்கும் தான், அதுவும் 2,500க்கு மேல சம்பாதிச்சாத்தான் கணக்கே ஆரம்பிக்கும். கொஞ்சம் விரிவாக்க 2024 ஜனவரில ஹவுஸ்ல (நாடாளுமன்றக் கீழ்சபை) 357க்கு 70 ஓட்டுன்னு பாஸான பில்லு ஆகஸ்ட்ல மேல்சபையான செனட்ல நின்னு போச்சு. அதோட கோயம்புத்தூர்ல பொறந்த எங்க பெரியவனுக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (அமெரிக்க அரசு குடுக்கற அடையாள எண்) இல்லாததால இந்த கிரெடிட் கிடையாது, வருஷம் 500 டாலர் தான். மறுபடி பில்லு கொண்டு வந்தா அதையும் சேத்து மாத்தணும், ரெண்டு பேரும் ஒரே ஸ்கூல் பஸ்லதான் போறாங்க.