எப்வொர்த்தின் இரண்டு ஆலயங்கள்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள சிற்றூர் எப்வொர்த். அங்கே மேட்டில் நிற்கும் புனித அந்திரேயா ஆலயம் ஆங்கிலிக்கன் சபையுடையது, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையுடையது; இடைக்காலத்துக் கல் கட்டடம். மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தந்தை சாமுவேல் 1735இல் இறக்கும்வரை இதன் குருவானவர். விவசாயிகள் செலுத்திய தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, முக்கிய வருமானம். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கட்ட வேண்டும்.

1742இல் ஊர் திரும்பிய ஜானுக்கு அதே ஆலயத்தில் பிரசங்கிக்க இடம் தரவில்லை. மனிதர் சளைக்கவில்லை. வெளியே வந்து அப்பாவின் கல்லறைமேல் ஏறி நின்று பேசினார், அடுத்தடுத்த மாலைகளிலும்.

ஜான், சார்லஸ் என்ற வெஸ்லி சகோதரர்கள் நினைவாக எழுந்த மெதடிஸ்ட் ஆலயமோ 1889இல்தான் திறந்தது. அதற்குத் தசமபாகம் போன்ற கட்டாய வரி கிடையாது, மனமுவந்த காணிக்கைதான்.

ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் நான் பழையதற்கே போவேன். மெதடிஸ்ட்டுகள் தேடிவரும் அந்தக் கல்லறை, வேடிக்கையாக, ஆங்கிலிக்கன் வளாகத்தில்தான் இருக்கிறது.