நாவுக்கு ஆஸ்தி தரும் நாஸ்தாக் கடை

வட சென்னையில் நான் வாரந்தோறும் செல்லும் சிற்றுண்டிக் கடையின் கரும்பலகையில், "நாவுக்கு ஆஸ்தி, அதுவே நாஸ்தா" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உருது வழியாகச் சென்னைப் பேச்சில் கலந்த அந்தச் சொல்லுக்குப் பாரசீகத்தில் 'காலையிலிருந்து ஒன்றும் உண்ணாத நிலை' என்பதே பொருள் என்று தெரிந்திருந்தும், உரிமையாளர் புதிதாக வருபவர்களிடம் தம் கற்பனை விளக்கத்தை முகம் மலரச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் மனம்விட்டுச் சிரித்துவிடுகிறேன். அரைத்த கடலைப்பருப்பை ஆவியில் வேகவைத்து உதிர்த்துப் போட்ட வடகறியில் சோம்பும் பட்டையும் மணக்க, சூடான இட்லி அதில் ஊறிக் கிடப்பதைப் பார்த்தால் அந்த விளக்கமே உண்மையாக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. தேங்காய்ச் சட்னி மட்டும் நீர்த்திருக்கிறது. எட்டரை மணிக்கெல்லாம் வடகறி தீர்ந்துவிடும் என்பதால் ஏழரைக்குள் சென்றுவிடுங்கள்.