டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு (2014): 320 பக்கத்தில் எனக்குத் தேவைப்பட்ட இரண்டு பக்கம்

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் வந்த டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு பற்றித்தான் எழுதுகிறேன். 2024இல் வந்த புதியது இல்லை, 2014 டிசம்பரில் வந்த பழையது, எங்கள் குழு இன்னும் அதை வைத்துத்தான் ஆடுகிறது. மாயப் பொருட்கள், உலகம் உருவாக்குவது எல்லாம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அவை நன்றாகவும் இருக்கின்றன. நான் பார்த்தது ஒரே ஒரு விஷயம்: எப்போது பகடையை உருட்டச் சொல்ல வேண்டும், எப்போது சும்மா விட வேண்டும் என்று இந்தப் புத்தகம் ஒரு புது டிஎம்முக்கு (டஞ்சன் மாஸ்டர், அதாவது கதையையும் ஆட்டத்தையும் நடத்துபவர்) சொல்லித் தருகிறதா?

தருகிறது. ஆனால் தேடிப் போகிறவனுக்குத்தான்.

நான் டிஎம் ஆன புதிதில் தொட்டதற்கெல்லாம் செக் கேட்பேன், அதாவது ஜெயித்தாயா தோற்றாயா என்று 20 முகப் பகடையை உருட்டிப் பார்க்கச் சொல்வேன். குதிரையில் ஏறினால் ரோல், சுவரைத் தடவிப் பார்த்தால் ரோல், பகடைச் சத்தம் கேட்டால்தான் ஆட்டம் நடக்கிறது என்ற நினைப்பு. ஒரு நாள் செத்துப்போன வணிகன் ஒருவனின் அறை, மேசை இழுப்பறைக்குள் ஒரு கடிதம், அது கிடைத்தால்தான் கதை அடுத்த ஊருக்கு நகரும். அதைக் கண்டுபிடிக்க டிசி 15 வைத்தேன் (பகடையில் விழுந்ததும் பாத்திரத்தின் திறமைக்கான கூட்டலும் சேர்ந்து எட்ட வேண்டிய எண்தான் டிசி). நான்கு பேர் உருட்டினார்கள், நான்கு பேரும் தோற்றார்கள். அரை மணி நேரம் அந்த அறையையே சுற்றிச் சுற்றி வந்தோம். கடைசியில் ஓர் எலி அந்தக் கடிதத்தை வாயில் கவ்விக்கொண்டு அவர்கள் காலடியில் ஓடுகிற மாதிரி செய்தேன். எல்லோருக்கும் புரிந்துவிட்டது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கூட்டல் எதுவும் இல்லாத ஒருவர் டிசி 15ஐ எட்ட 30 சதவீத வாய்ப்பு. நான்கு பேரும் தோற்க ஏறக்குறைய 24 சதவீதம். நாலில் ஒரு தடவை என் கதை அந்த அறையிலேயே செத்துப்போகும் என்று நானே ஏற்பாடு செய்திருக்கிறேன்!

இதற்கான மருந்து இந்தப் புத்தகத்தின் 237ஆம் பக்கத்தில் அப்போதே இருந்தது. ரோல் கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்டுக்கொள் என்கிறது. தோற்க வழியே இல்லாத அளவுக்கு இது சுலபமா, பதற்றமில்லாத வேலையா? அல்லது நிலாவின் மேல் அம்பு விடுவது மாதிரி நடக்கவே நடக்காத காரியமா? இரண்டுக்கும் இல்லை என்றால் மட்டும் பகடையைத் தொடு. நிலா உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் மேசையில் ஒருவர் 20 போட்டுவிட்டு 'அப்படியென்றால் ராஜா எனக்கு நாட்டைக் கொடுத்துவிட்டாரா' என்று கேட்கும்போது காட்ட வேண்டிய பக்கம் அதுதான். (இந்தப் பதிப்பில் செக்குக்கு 20 விழுந்தால் தானாக வெற்றி என்று விதி எதுவும் கிடையாது. எத்தனை தடவை சொன்னாலும் ஏறுவதில்லை.)

தோற்றால் ஏதாவது உருப்படியான விளைவு இருந்தால் மட்டும் ரோல் கேள் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. என் கடிதத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வரி அது. தோற்றால் என்ன நடக்கும் என்று யோசித்திருந்தால், ஒன்றும் நடக்காது, ஆட்டம் நின்றுபோகும் என்று உடனே தெரிந்திருக்கும். என் குறை இதில்தான்: இவ்வளவு முக்கியமான விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். விளைவு என்றால் என்ன, அதை எப்படி உண்டாக்குவது, பூட்டைத் திறக்கத் தவறினால் சத்தம் கேட்டுக் காவலாளி வருவானா, கம்பி உடையுமா, நேரம் போகுமா, இதற்கெல்லாம் இரண்டு மூன்று உதாரணம் கொடுத்திருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். ஓரளவு ஈடுகட்டுவது வேறோர் இடத்தில் வரும் சின்ன விருப்ப விதி, டிசிக்கு ஒன்றோ இரண்டோ குறைவாக விழுந்தால் வேலை முடிந்துவிடும், ஆனால் ஒரு சிக்கலோடு முடியும். அதை நான் இப்போது விடாமல் பயன்படுத்துகிறேன்.

பூட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. யாருமில்லாத அறையில், அவசரமே இல்லாமல், திருடன் ஒரே பூட்டுக்கு ஆறு தடவை உருட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்குப் புத்தகம் சொல்லும் வழி அழகானது. வழக்கமாக ஆகும் நேரத்தைப் போல் பத்து மடங்கு செலவழித்தால், நடக்கக்கூடிய காரியம் நடந்துவிட்டது என்று வைத்துக்கொள், உருட்ட வேண்டாம். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் 'டேக் 20' என்று இதே வேலைக்கு இருபது மடங்கு நேரம் கேட்டார்கள், இது அதைவிட எளிது. நேரம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் இப்போது கேள்வி, அதற்குப் பதில் சொல்ல டிஎம் தன் உலகத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இந்தப் புத்தகம் செய்த பெரிய உதவி அது.

20 முகப் பகடை எவ்வளவு தாறுமாறாக விழும் என்பதைப் பற்றி மட்டும் போதுமான எச்சரிக்கை இல்லை. டிசி 10ஐ 'சுலபம்' என்கிறார்கள். +5 வைத்திருக்கும் கைதேர்ந்த ஆள்கூட அதில் ஐந்துக்கு ஒரு தடவை தோற்பார். கயிற்றில் ஏறியே பிழைப்பு நடத்துகிறவர் ஐந்து தடவையில் ஒரு தடவை கீழே விழுந்தால் யார் நம்புவார்கள்? அதனால் தொழில்காரர் தன் தொழிலைச் செய்தால் நான் ரோலே கேட்பதில்லை.

ஒளிந்து போவதிலும் இதே கதைதான். நான்கு பேருக்கும் தலைக்கு 70 சதவீத வாய்ப்பு, ஆளுக்கொரு ரோல், யார் தோற்றாலும் மாட்டினோம் என்று வைத்தால் தப்புவது 24 சதவீதம்தான். என் கடிதத்தின் அதே எண்! பாதிப் பேர் ஜெயித்தால் போதும் என்ற கூட்டு செக் விதி இதைச் சரிசெய்யும், ஆனால் அது ஆடுகிறவர்களுக்கான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் இருக்கிறது. ஒரே ஆளை ஒவ்வொரு மூலையிலும் மறுபடி மறுபடி உருட்டச் சொல்வதும் இதே பொறிதான். பர்னிங் வீல் என்ற வேறோர் ஆட்டத்தில் 'லெட் இட் ரைட்' என்று ஒரு விதி உண்டு, ஒரு தடவை உருட்டியது சூழ்நிலை உண்மையாகவே மாறும்வரை செல்லும். அதைக் கடன் வாங்கிக்கொண்டேன்.

பேச்சுவார்த்தைப் பகுதி எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது. எதிரில் நிற்பவர் நட்பா, பட்டும் படாமலா, பகையா என்று பிரித்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். பகையாளியிடம் டிசி 20ஐத் தொட்டாலும், தனக்கு ஆபத்தோ இழப்போ இல்லாத காரியத்தை மட்டும்தான் செய்வான். பர்சுவேஷன் (பேசி இணங்கவைக்கும் திறமை) வசிய மந்திரம் இல்லை என்று நான் கத்திக்கொண்டிருந்ததை அவர்கள் ஓர் அட்டவணையில் முடித்துவிட்டார்கள். அப்புறம், எல்லாவற்றுக்கும் பகடை, பகடையே வேண்டாம், நடுவழி என்று மூன்று போக்குகளையும் வைத்து முதல் இரண்டின் கெடுதலையும் ஒளிக்காமல் எழுதியிருப்பதும் பிடித்தது. பகடையை ஒதுக்கினால் டிஎம்மின் பாரபட்சம் உள்ளே வரும் என்பது எனக்கே உறைத்தது.

அமைப்புதான் மோசம். உலகம், தெய்வங்கள், வேற்றுத் தளங்கள், புதையல் எல்லாம் தாண்டி, ஆட்டத்தை நடத்துவது எப்படி என்பது எட்டாவது அத்தியாயமாக 235ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. முதல் ஆட்டத்துக்கு முன்தினம் இரவு புத்தகத்தைத் திறக்கும் ஆள் அதுவரை போவாரா? 2024 பதிப்பில் அதை இரண்டாவது அத்தியாயத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், நல்லது.

துப்பறியும் கதைகள்தான் உங்கள் குழுவுக்கு உயிர் என்றால் இந்தப் புத்தகத்தோடு நிற்காதீர்கள். 2007இல் தொடங்கிய கம்ஷூ ஆட்டங்களில், சரியான திறமையோடு சரியான இடத்தில் தேடினால் முக்கியமான தடயம் ரோல் இல்லாமலே கிடைத்துவிடும். எலியெல்லாம் தேவைப்படாது.

5க்கு 3.5. ஏற்கெனவே கையில் இருந்தால் 236, 237ஆம் பக்கங்களை இன்றைக்கே படியுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் 2024ஐயே பார்க்கலாம். நான் மாறப்போவதில்லை, என் பிரதியில் அந்தப் பக்கங்களின் ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு.