800 கலோரி பவுடர்: என்ன மாத்திரை என்று கேட்காதவர்களிடம் மாட்டாதீர்கள்

சர்க்கரையை "ரிவர்ஸ்" செய்து தருகிறோம் என்று பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் போர்டு மாட்டியிருந்தவர்களிடம் 34,500 ரூபாய் கட்டி, ஆறாவது நாள் என் கடையிலேயே விழுந்தேன். இடத்தின் பெயரை இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் இந்த மாதிரிக் கடை ஒன்றோடு நிற்காது, உங்கள் ஊருக்கும் வரும், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 49. பேட்டையில் எலெக்ட்ரிக்கல் கடை. சர்க்கரை வந்து ஐந்து வருஷம், எடை 86 கிலோ, கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சர்க்கரை சராசரி (HbA1c) 8.1. கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும், பிரஷருக்கு டெல்மிசார்டன் 40. இந்த மாத்திரைப் பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது.

மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். போய்ப் பார்த்தால் ஏசி அறை, சுவரில் வெள்ளைக்கார டாக்டர்கள் படம், "லண்டன் ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது, நூற்றுக்கு நூறு" என்று எழுத்து. வெள்ளைக் கோட் போட்ட ஒரு பையன் எடை பார்த்தான், இடுப்பு அளந்தான், பன்னிரண்டு வாரத்தில் மாத்திரையே இல்லாமல் அல்வா சாப்பிடலாம் என்றான். (திருநெல்வேலிக்காரனிடம் எதைக் காட்டினால் விழுவான் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.) டாக்டர் எங்கே என்றால் வீடியோ காலில் வந்தார், நாலு நிமிஷம் இருக்கும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே கேட்டேன், மாத்திரையை நிறுத்தணுமா என்று. "இப்போதைக்கு எல்லாம் அப்படியே போகட்டும், அளவு குறைந்ததும் பார்க்கலாம்" என்றார். எனக்கும் அது பத்திரமான பேச்சாகத்தான் தெரிந்தது. நிறுத்தச் சொன்னால்தானே பயப்பட வேண்டும் என்று நினைத்தேன். சுத்தமாகத் தலைகீழ்.

ஒரு நாளைக்கு நாலு பாக்கெட் பவுடர், ஒன்று 200 கலோரி, மொத்தம் 800. வேறு எதுவும் கிடையாது, தண்ணீர் மட்டும். சுண்ணாம்பைக் கரைத்து அதில் ஐஸ்கிரீம் வாசனை விட்டதுபோல ஒரு ருசி. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைத்திருந்தார்கள், நான் மாடியில் போய் உட்கார்ந்து அந்தப் பவுடரைக் குலுக்கிக் குடித்தேன்.

மூன்றாம் நாள் காலை கட்டிலை விட்டு எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. போன் போட்டேன். "உடம்புல உள்ள கெட்டது வெளியேறுது சார், நல்ல அறிகுறி" என்றார்கள். சாப்பாடு குறைந்து எடை இறங்கும்போது பிரஷரும் சேர்ந்து இறங்கும், நான் மேலே பிரஷர் மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தேன், அதுதான் விஷயம். வீட்டில் அவள் அன்றைக்கே, "இது சரியா வராது, வழக்கமா பாக்குற டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்றாள். நான் கேட்டேனா?

ஆறாம் நாள் பகல் பன்னிரண்டு மணி இருக்கும். ஒருவர் இருபது மீட்டர் ஒயர் கேட்டார். கவுண்டரில் ஆணி அடித்து வைத்த அளவில் இழுத்து எண்ணிக்கொண்டு வருகிறேன், எட்டு, ஒன்பது, அப்புறம் எத்தனை என்று தெரியவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். மறுபடியும் ஒன்பதோடு நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிற வேலை. கை நடுங்குகிறது, சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்வை, எதிரே நிற்பவர் மேல் காரணமே இல்லாமல் கோபம் வருகிறது. எதிர் டீக்கடைப் பையன் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "அண்ணாச்சி, என்ன செய்யுது? மொகமெல்லாம் வெளுத்துட்டு!" நான் பதில் சொன்னதாக எனக்கு ஞாபகம், ஆனால் வாய் குழறியது என்று அவன் சொல்கிறான். அவனுடைய அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, அதனால் என்னவென்று அவனுக்குப் புரிந்துவிட்டது. டீ கிளாஸில் மூன்று ஸ்பூன் சீனியைப் போட்டுத் தண்ணீரில் கலக்கி வாயில் ஊற்றினான். அந்தப் பையன் இல்லையென்றால் இந்தப் பதிவு இல்லை. (ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: விழுங்கத் தெரிகிற நினைவு இருந்தால்தான் இப்படிக் கொடுக்கலாம், முழுதாக மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.)

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சீனித் தண்ணீர் குடித்த பிறகும் 52. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. குளுக்கோஸ் ஏற்றினார்கள், 140 வந்தது, சரி, கிளம்பலாம் என்று எழுந்தால் டாக்டரம்மா விடவில்லை. ராத்திரி இங்கேதான் என்றார். கிளிமிபிரைடு நாம் சாப்பிட்டோமா பட்டினி கிடக்கிறோமா என்று பார்க்காதாம், கணையத்திலிருந்து இன்சுலினைப் பிழிந்து தள்ளிக்கொண்டே இருக்குமாம், அதனால் ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்றார். ராத்திரி இரண்டு மணிக்கு 66 காட்டியது.

அவரிடம் அந்த நோட்டீஸைக் காட்டினேன். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன், அவர் படித்துவிட்டு, இந்த ஆராய்ச்சி உண்மைதான் என்றார். டைரக்ட் என்று பெயர், 2017 கடைசியில் வெளிவந்தது. லண்டன் இல்லை, ஸ்காட்லாந்தும் நியூகாசில் பக்கமும். 306 பேர், அதில் பாதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை ஒரு நாளைக்கு 825 முதல் 853 கலோரி வரை, பிறகு மெல்ல மெல்லச் சாதாரணச் சாப்பாடு. ஒரு வருஷம் கழித்து மாத்திரையே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு 46 பேர். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் நூற்றுக்கு 4 பேர்தான். இரண்டாம் வருஷம் அந்த 46, 36 ஆனது. பெரிய விஷயம்தான், ஆனால் நூற்றுக்கு நூறு எங்கே இருக்கிறது? குணம் என்றுகூட அவர்கள் சொல்லவில்லை, தணிவு என்கிறார்கள், எடை ஏறினால் திரும்பி வரும்.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆராய்ச்சியில் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் முதல் நாளே நிறுத்திவிட்டு, ஆளைக் கண்காணிப்பில் வைத்துத்தான் பவுடரே கொடுத்தார்கள். சர்க்கரை வந்து ஆறு வருஷத்துக்கு மேல் ஆனவர்களைச் சேர்க்கவில்லை. இன்சுலின் போடுகிறவர்களைச் சேர்க்கவே இல்லை. என்னைச் சேர்த்தவர்கள் அந்தக் கலோரிக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டார்கள். (டாபாகிளிஃப்ளோசின் மாதிரி, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வேறொரு ஆபத்து. பட்டினியில் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும், மெஷினில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது, அதனால் சந்தேகமே வராது.) அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டு ஆரம்பித்துவிடாதீர்கள், எதைக் குறைப்பது எதை நிறுத்துவது என்பதை உங்கள் சீட்டைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பணம் கேட்டுப் போனேன். நான் கையெழுத்துப் போட்ட தாளில் ஆங்கிலத்தில் கடுகு மாதிரி எழுத்தில், பணம் திரும்பத் தரப்படாது, உடல்நலப் பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று இருந்தது. பில் என்று கொடுத்தது வெறும் வெள்ளைத் துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி எண் இல்லை. பவுடர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான பதினாலு இலக்க எண்ணே இல்லை. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷச் சட்டமே தடுக்கிறது, அதைச் சொன்னால் "இது மருந்து இல்ல சார், சாப்பாடு" என்று பதில் வருகிறது. சாப்பாடு என்றால் கிலோ என்ன விலை என்று கேட்டேன், போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபேயில் அனுப்பியதால் அதற்காவது ஆதாரம் இருக்கிறது.

இப்போது வழக்கமான டாக்டரிடம்தான். கிளிமிபிரைடை நிறுத்திவிட்டு மெட்பார்மின் மட்டும், வீட்டுச் சாப்பாட்டிலேயே சோற்றைக் கரண்டிக் கணக்கில் குறைத்து, வாரம் இரண்டு தடவை விரலில் குத்திப் பார்த்துக்கொண்டு. நாலு மாதத்தில் ஏழு கிலோ இறங்கியிருக்கிறது, சராசரி 6.9.

ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பணம் கட்டிய அன்று பக்கத்து நாற்காலியில் ஒரு ஆச்சி இருந்தார், கல்லிடைக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார், அறுபத்தைந்து வயது இருக்கும், காலில் கட்டு, மடியில் மஞ்சப்பை. காலையில் இருபது யூனிட், ராத்திரி பன்னிரண்டு யூனிட் ஊசி போடுகிறாராம். "தம்பி, இந்தப் பொடியக் குடிச்சா ஊசிய விட்டுரலாம்லா?" என்று கேட்டார். "அதெல்லாம் அவங்க சொல்லுவாங்க ஆச்சி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பேர்கூடக் கேட்கவில்லை. கல்லிடைக்குறிச்சி, அம்பை பக்கம் உள்ளவர்கள் யாருக்காவது இவர் உங்கள் வீட்டு ஆச்சியாகவோ பக்கத்து வீட்டு ஆச்சியாகவோ தெரிந்தால், தயவுசெய்து இன்றைக்கே போய்ப் பாருங்கள்.