பெரிய பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுதல்: மூன்று வருடம் நடத்திப் பார்த்ததில்

"அம்மா, இது மூணாம் கிளாஸ் வேலைம்மா." முதல் நாள் நோட்டைத் தள்ளிவிட்டு மகள் சொன்னது இது. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருந்தது. டீச்சர் பத்து வார்த்தை சொல்வார், ஸ்லேட்டில் எழுதி நீட்டினால் பத்துக்கு ஏழு என்று போடுவார். நாம் பார்த்த சொல்வதை எழுதுதல் அவ்வளவுதானே.

மகளும் அவளைவிட இரண்டு வயது இளைய மகனும் வீட்டிலேயே படிக்கிறார்கள். மதுரையில் இருக்கிறோம். என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம்) மூலம் தேர்வு எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வுக்குப் பதினான்கு வயது ஆகியிருந்தால் போதும். எடுக்கப்போகும் பாடங்களில் தமிழும் ஒன்று. வாயால் கேட்டால் மகள் கடகடவென்று பதில் சொல்வாள். எழுதச் சொன்னால் பாதி ஒற்று காணாமல் போயிருக்கும், ற வரவேண்டிய இடத்தில் ர உட்கார்ந்திருக்கும். இத்தனைக்கும் வல்லினம் மிகும் இடங்களை வரிசையாக ஒப்பிப்பாள். ஒப்பிக்கிற வாய்க்கும் எழுதுகிற கைக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

முதல் ஆறு மாதம் நான் செய்தது எல்லாமே தப்பு. தினமும் காலையில், அவள் பார்த்தே இராத ஒரு பத்தியை எடுத்து, வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன். முதல் நாள் எண்பது வார்த்தையில் பத்தொன்பது பிழை. அதில் பதினொன்று ஒற்று. சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்தும் பதினேழு, பதினெட்டு. வீட்டில் காலை நேரமே கசந்துபோனது.

எங்கே கோளாறு என்பது ஒரு சாதாரண வாக்கியத்தில் பிடிபட்டது. "அந்தக் கடைக்குப் போய்ப் பார்த்தேன்." இதை "அந்த... கடைக்கு... போய்... பார்த்தேன்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னால் மூன்று ஒற்றும் என் வாயிலேயே செத்துப்போகின்றன. அவள் காதில் விழுந்ததைத்தான் எழுதியிருந்தாள். சரி, அழுத்திச் சொல்லலாம் என்றால் அது விடையையே ஊட்டிவிடுவது போல ஆகிறது. அன்றிலிருந்து வார்த்தை வார்த்தையாகச் சொல்வதை நிறுத்திவிட்டேன். முழு வாக்கியத்தையும் பேசுகிற வேகத்தில் ஒரு தடவை சொல்வேன். அவள் மனதில் வாங்கிக்கொண்டு எழுதுவாள். கடைசியில் மொத்தப் பத்தியையும் இன்னொரு தடவை வாசிப்பேன். எங்கே ஒற்று என்பது அவள் தீர்ப்பு.

அடுத்த கோளாறு என் நாக்கில் இருந்தது. ஒரு நாள் "பளக்கம்" என்று எழுதியிருந்தாள். இத்தனை வயதில் இப்படியா என்று கேட்டேன். "நீதானம்மா அப்படிச் சொன்னே" என்றாள். திரும்பக் கேட்பதற்காக நான் வாசிப்பதை ஃபோனில் பதிவு செய்வது வழக்கம். போட்டுக் கேட்டால், ஆமாம், அட்சரம் பிசகாமல் "பளக்கம்". எங்கள் பக்கம் ழகரம் ளகரமாவது புதிதல்ல, ஆனால் என் வாயும் அந்தப் பட்டியலில் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. அரை, அறை விஷயத்தில் இன்னும் மோசம். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே சத்தம்தான். இரங்கினான், இறங்கினான் இரண்டையும் காதை வைத்துப் பிரிக்கச் சொல்வது நியாயமே இல்லை. கண்ணால் பார்த்திருந்தால்தான் உண்டு.

இந்த இடத்தில்தான் ஷார்லட் மேசன் கைகொடுத்தார். 1842 முதல் 1923 வரை வாழ்ந்த ஆங்கிலேயக் கல்வியாளர். வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் பெற்றோர் பலர் அவரைப் பின்பற்றுகிறார்கள். பத்தியை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், பிள்ளை அதைப் பார்த்துத் தயாரான பிறகுதான் சொல்லி எழுத வைக்க வேண்டும் என்பது அவர் முறை. பிழையான சொல் கண்ணில் பதியக்கூடாது என்பதால் அதன்மேல் தாளை ஒட்டி மறைக்கவும் சொல்கிறார். வெள்ளை ஸ்டிக்கர் வெட்டி ஒட்டிப் பார்த்தேன். பதின்மூன்று வயதுக்காரியிடம் அது எடுபடவில்லை, நோட்டு பிளாஸ்திரி போட்ட முழங்கால் மாதிரி இருந்தது. தயாரிப்பை மட்டும் வைத்துக்கொண்டோம். முந்தின நாள் இரவே பத்தியைக் கொடுத்துவிடுவேன். ஒற்று வரும் இடங்களில் கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஓரத்தில் ஒரு வார்த்தையில் எழுதி வைப்பாள். காரணம் தெரியாவிட்டால் கேள்விக்குறி. மறுநாள் எழுதி முடித்ததும் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதும் அவள்தான். என் சிவப்புப் பேனாவுக்கு ஓய்வு.

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. "வேலை கொடு" என்றால் உத்தியோகம், "வேலைக் கொடு" என்றால் முருகன் கையில் இருப்பது. இந்த மாதிரி ஜோடிகளை அவளே தேடிச் சேர்க்க ஆரம்பித்தாள். "தந்த பலகை", "தந்தப் பலகை" கிடைத்த அன்று தம்பியைப் பிடித்து உட்கார வைத்து விளக்கினாள். இப்போது நூற்றைம்பது வார்த்தைப் பத்தியில் நான்கைந்து பிழைதான் வருகிறது. சில வாரம் எட்டும் போகும்.

மகன் கதை வேறு. கையால் எழுதுவது என்றாலே அவனுக்கு வேப்பங்காய். எட்டு மாதம் போராடிவிட்டுக் கணினிக்கு மாற்றினேன். தமிழ்99 விசைப்பலகையில் க-வை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ந-வுக்குப் பின் த தட்டினாலும் அப்படியே. அதனால் பக்கம், பந்து மாதிரி வார்த்தைகளுக்குள் பிழை வருவது அபூர்வம். இரண்டு வார்த்தைக்கு நடுவே வரும் ஒற்றை மட்டும் அவனே யோசித்துப் போட வேண்டும், நமக்கு வேண்டியதும் அதுதானே. பிழைதிருத்தியை அணைத்து வைக்க மறந்துவிடாதீர்கள். ஃபோனின் குரல் தட்டச்சில் அவன் பேசி, அது எழுதியதைத் திருத்துவதும் ஒரு நல்ல பயிற்சி. அதுவும் ஒற்றுகளைத் தவறவிடும். மெஷினைக் குறை சொல்வதில் அவனுக்குத் தனி உற்சாகம்.

இரண்டாம் வருடத்திலிருந்து மாதம் ஒரு முறை டிக்டோகிளாஸ். பத்தியைச் சாதாரண வேகத்தில் இரண்டு தடவை வாசிப்பேன்; அவர்கள் முக்கியமான வார்த்தைகளை மட்டும் குறித்துக்கொண்டு, இருவருமாகச் சேர்ந்து அந்தப் பத்தியைத் தங்கள் வாக்கியங்களில் திரும்பக் கட்டவேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு எழுத்துப்பிழை வேட்டையைவிட இது மேல் என்று நினைக்கிறேன். குறிப்பெடுக்கிற பழக்கம் இதிலிருந்துதான் வந்தது. ஆங்கிலத்துக்கும் இதே முறைதான், தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இதனால் நடக்காததையும் சொல்லிவிடுகிறேன். சொந்தமாகக் கட்டுரை எழுதும் திறமை இதனால் கூடவில்லை. டிக்டேஷனில் சரியாக எழுதுகிற அதே ஒற்றுகளைச் சொந்தக் கட்டுரையில் தவறவிடுவது இன்றும் நடக்கிறது. தினமும் வைத்தால் வெறுத்துவிடும். நாங்கள் தினசரியிலிருந்து வாரம் இரண்டுக்கு வந்து, இப்போது வாரம் ஒன்றில் நிற்கிறோம்.

"மூணாம் கிளாஸ் வேலை" என்ற பேச்சு நின்றது உ.வே.சா.வால். அவர் 1871இல் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தபோது வயது பதினாறு. பிள்ளையவர்கள் செய்யுளை மனதிலேயே கட்டி வாயால் சொல்லச் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுத்தாணியால் எழுதிக்கொண்டே போவார்கள். இதை மகளிடம் சொல்லிவிட்டு, ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற வழக்கம் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். "புள்ளியே வேண்டாமா? கொடுத்து வச்சவங்க" என்றாள்.

அவளுக்கும் இப்போது பதினாறு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வாசிக்க, நான் எழுதுகிறேன். பத்தியை அவளே தேர்ந்தெடுப்பாள், எனக்கு முன்கூட்டிக் காட்டமாட்டாள். போன வாரம் எனக்கு மூன்று பிழை. இரண்டை ஒப்புக்கொண்டேன். மூன்றாவது, அவள் "வாழ்த்துகள்" என்று தெளிவாகத்தான் வாசித்தாள், என் கை பழக்கதோஷத்தில் "வாழ்த்துக்கள்" என்று எழுதிவிட்டது. அச்சில் இரண்டுமே இருக்கிறதே என்று வாதாடுகிறேன். பச்சை மையில் சுழித்தது சுழித்ததுதான் என்கிறாள்.